பல்லில் ஒரு காவிக் கறை: முப்பது வருடத் துப்பறியும் கதை



பி.காம். படிக்கிறவனுக்குக் குழந்தைகளின் பல்லைப் பற்றி என்ன அக்கறை என்று கேட்பீர்கள். மார்க்கெட்டிங் பாடத்தில் டூத்பேஸ்ட் விளம்பரங்களைப் பற்றி ஒரு செமினார் கொடுக்க வேண்டியிருந்தது. 'ஃபுளோரைடு உள்ளது' என்று டியூபில் ஏன் போடுகிறார்கள், அது எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். ஒன்றைப் பிடித்து ஒன்றாகப் பின்னால் போய், கடைசியில் 1901-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு மலையடிவார ஊரில் போய் நின்றேன். செமினாருக்குப் பத்து நிமிடம்தான் கொடுத்தார்கள். அங்கே சொல்ல முடியாத மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள் :)

நான் பல் டாக்டர் இல்லை, இது வைத்தியக் குறிப்பும் இல்லை. இது ஒரு சரித்திரக் கட்டுரை. ஆனால் சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதைப் படித்தால் காலையில் பாத்ரூமில் ஒன்றிரண்டு விஷயங்கள் மாறலாம்.

ஒரு பிள்ளையின் பல் கெட்டுப் போயிருந்தால் நாம் யாரைத் திட்டுகிறோம்? பிள்ளையைத்தான். "ஒழுங்கா பல் விளக்கு", "மிட்டாய் தின்னாதே" என்று. அந்தத் திட்டு எந்த அளவுக்கு நியாயம் என்பதுதான் இந்தக் கதை.

கொலராடோவின் காவிப் பல்

பிரெடரிக் மெக்கே என்ற இளைஞர் 1900-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் முடித்தார். அடுத்த ஆண்டு கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குப் போய் கிளினிக் போட்டார். வந்த நோயாளிகளின் வாயைத் திறந்து பார்த்தவருக்கு ஆச்சரியம். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்குப் பல்லில் காவி நிறத்தில் கறை. சிலருக்கு முழுப் பல்லுமே சாக்லேட் நிறம். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு நோய் இல்லை.

ஊர்க்காரர்களிடம் காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பன்றிக்கறி அதிகம் சாப்பிடுவதால் என்றார் ஒருவர், பால் சரியில்லை என்றார் இன்னொருவர், தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்றார் மூன்றாமவர். உள்ளூர் டாக்டர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தினமும் பார்க்கிற விஷயம் கண்ணில் படாது இல்லையா?

மெக்கே விடவில்லை. அன்றைக்கு அமெரிக்கப் பல் மருத்துவத்தில் மிகப் பெரிய பெயர் ஜி.வி.பிளாக். அவருக்குக் கடிதம் எழுதி, 1909-ல் அவரைக் கொலராடோவுக்கே வரவழைத்துவிட்டார். அந்தச் சமயம் மாநிலப் பல் மருத்துவர் சங்கம் எடுத்த கணக்கில், அந்த ஊரிலேயே பிறந்த குழந்தைகளில் கிட்டத்தட்ட 90% பேருக்கு இந்தக் கறை இருந்தது. பத்துக்கு ஒன்பது! பிளாக் 1915-ல் இறக்கும் வரை இந்த ஆராய்ச்சியில் இருந்தார்.

இருவரும் சேர்ந்து இரண்டு முக்கியமான விஷயங்களைக் கண்டார்கள்.

ஒன்று, கறை வெளியிலிருந்து ஒட்டியது இல்லை. ஈறுக்குள்ளே பல் உருவாகும்போதே எனாமலில் ஏற்பட்ட கோளாறு. நிரந்தரப் பற்கள் உருவாகி முடிந்தபின் அந்த ஊருக்குக் குடிவந்த பெரியவர்களுக்குக் கறை வருவதே இல்லை. சின்ன வயதில் அங்கே இருந்தவர்களுக்கு மட்டும்தான் வருகிறது.

இரண்டாவது, யாரும் எதிர்பார்க்காதது. பார்க்க அசிங்கமாக இருந்த இந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருந்தது. கோளாறான எனாமல் சீக்கிரம் சொத்தையாக வேண்டும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு.

இந்த இரண்டாவது விஷயத்தை அப்படியே ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்ப வரும்.

ஓக்லி ஊரின் பெற்றோர்கள்

மெக்கேவுக்குத் தண்ணீர் மேல் சந்தேகம் இருந்தது. ஆனால் அன்றைக்கு இருந்த சோதனைகளில் தண்ணீரில் விசேஷமாக எதுவும் தெரியவில்லை. 1923-ல் ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்ற சின்ன ஊருக்கு அவர் போனார். அந்த ஊர்ப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளின் பல்லில் விசித்திரமான கறை வருவதைக் கவனித்திருந்தார்கள். எப்போதிலிருந்து என்று கேட்டால் பதில் தயாராக இருந்தது. ஐந்து மைல் தள்ளியுள்ள ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குப் பொதுக் குழாய் போட்ட பிறகுதான்.

மெக்கே அந்தத் தண்ணீரைச் சோதித்தார். சந்தேகப்படும்படி எதுவும் கிடைக்கவில்லை. இருந்தாலும் குழாயை மூடிவிட்டு வேறு ஊற்றுக்கு மாறுங்கள் என்று சொன்னார். ஊரும் கேட்டது. சில வருடங்களில் அடுத்து வந்த சின்னப் பிள்ளைகளுக்குக் கறையில்லாத பற்கள் முளைத்தன.

எனக்கு இந்தப் பகுதி ரொம்பப் பிடித்தது. ஆய்வகத்தில் கிடைக்காத துப்பை, பிள்ளைகளின் வாயைத் தினமும் பார்த்த பெற்றோர் கொடுத்தார்கள். பல் விளக்காததால் கறை என்று பிள்ளைகளைத் திட்டிவிட்டு நின்றிருந்தால், குழாய் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

அலுமினியக் கம்பெனியின் பயம்

அடுத்த திருப்பம் ஒரு கம்பெனியிலிருந்து வந்தது. காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க :)

ஆர்க்கன்சா மாநிலத்தில் பாக்சைட் என்று ஒரு ஊர். பெயரே சொல்கிறது, அலுமினியத் தாது வெட்டுகிற ஊர். ஆல்கோவா என்ற பெரிய அலுமினியக் கம்பெனிக்குச் சொந்தமானது. அங்கே பிள்ளைகளுக்குக் காவிப் பல். ஐந்து மைல் தள்ளியுள்ள ஊரில் ஒருவருக்கும் இல்லை. மெக்கேயும் அரசு சுகாதாரத் துறையைச் சேர்ந்த குரோவர் கெம்ஃப் என்ற டாக்டரும் அங்கே போய்ப் பார்த்து அறிக்கை எழுதினார்கள்.

அந்த அறிக்கை ஆல்கோவாவின் தலைமை வேதியியல் நிபுணர் எச்.வி.சர்ச்சில் கைக்குப் போனது. அவருக்கு அப்போது வேறு ஒரு தலைவலி. அலுமினியப் பாத்திரத்தில் சமைத்தால் விஷம் என்று நாடு முழுக்க ஒரு பேச்சு, அதை மறுப்பதே அவர் வேலையாக இருந்தது. இதில் அலுமினிய ஊரில் பிள்ளைகளின் பல் காவியாகிறது என்ற செய்தியும் பரவினால் வியாபாரம் என்னாகும்? பாக்சைட் ஊரின் தண்ணீரை, அன்றைக்கு மிகப் புதிதான நிறமாலை முறையில் சோதிக்கச் சொன்னார்.

வந்த முடிவை அவரே நம்பவில்லை. அலுமினியம் குற்றவாளி இல்லை. ஆனால் தண்ணீரில் ஏகப்பட்ட ஃபுளோரைடு இருந்தது. குடிதண்ணீரில் ஃபுளோரைடைத் தேட வேண்டும் என்று அதுவரை யாரும் நினைத்ததே இல்லை. மாதிரி கெட்டுப்போயிருக்கும், வேறு தண்ணீர் கொண்டுவா என்று சொல்லி மறுபடி சோதித்தார். அதே முடிவு. லிட்டருக்கு 13.7 மில்லிகிராம்.

1931-ல் சர்ச்சில் மெக்கேவுக்குக் கடிதம் எழுதினார். மெக்கே மற்ற ஊர்களின் தண்ணீரையும் அனுப்பினார். கறை இருந்த ஊர்த் தண்ணீரில் எல்லாம் ஃபுளோரைடு அதிகம். அதே 1931-ல் அரிசோனா பல்கலைக்கழகத்திலும் எலிகளை வைத்து இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு ரயில் ஏறிய நாளிலிருந்து முப்பது வருடம் கழித்து மெக்கேவுக்கு விடை கிடைத்தது.

யோசித்துப் பாருங்கள். சர்ச்சில் பிள்ளைகளின் நன்மைக்காக மட்டும் இறங்கவில்லை. கம்பெனியின் பெயரைக் காப்பாற்ற இறங்கினார். ஆனால் வந்த முடிவை மறைக்காமல் சொன்னார். வியாபார நோக்கமும் உண்மையும் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான சந்தர்ப்பம் அது.

எவ்வளவு என்று கேட்டவர்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று ஒரு பழமொழி சொல்லி இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் பழமொழியில் அளவு எவ்வளவு என்று போட்டிருக்காது. அந்த எண்ணைத் தேடியவர் எச்.டிரெண்ட்லி டீன்.

டீன் அமெரிக்க அரசு சுகாதாரத் துறையின் பல் மருத்துவர். 1931-லிருந்து அவருக்கு இதே வேலை. முதலில் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடைத் துல்லியமாக அளக்க வேண்டும். எலியாஸ் எல்வோவ் என்ற வேதியியல் நிபுணர், லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரை கண்டுபிடிக்கும் முறையை உருவாக்கிக் கொடுத்தார். பிறகு டீன் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளின் பல்லையும் அந்தந்த ஊரின் தண்ணீரையும் ஒப்பிட்டார். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருந்தால், பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கண்ணை உறுத்தும் கறை வருவதில்லை என்று தெரிந்தது.

இப்போது அந்த இரண்டாவது விஷயம் ஞாபகம் வருகிறதா? கறைப் பல்லில் சொத்தை குறைவு. டீனுக்கும் ஞாபகம் வந்தது. கறையும் வராமல் சொத்தையும் வராமல் ஒரு அளவு இருக்குமா? 21 ஊர்களில் 12 முதல் 14 வயது வரையுள்ள 7,257 பிள்ளைகளைச் சோதித்து 1942-ல் முடிவை வெளியிட்டார்கள். தண்ணீரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராமை நெருங்க நெருங்கச் சொத்தை கடகடவென்று குறைந்தது. அதற்கு மேல் போனால் பெரிய லாபம் இல்லை, கறைதான் கூடியது.

இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைய நிலையைப் பார்த்தால் புரியும். இரண்டு உலகப்போர்களிலும் அமெரிக்க ராணுவம் ஆள் எடுத்தபோது, மேலும் கீழும் ஒன்றோடொன்று பொருந்துகிற ஆறு ஜோடிப் பல்லாவது இருக்க வேண்டும் என்று விதி. அதுகூட இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர்கள் ஏராளம். இருபது வயதுப் பையன்கள்! நம் வயது. அவர்களின் பல் போனது ராணுவத்துக்கு வந்த அன்றைக்கு இல்லை, ஐந்து, ஆறு வயதிலேயே ஆரம்பித்துவிட்டது.

கிராண்ட் ராபிட்ஸ், 1945

மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் ஒரு சோதனைக்கு ஒப்புக்கொண்டது. 1945 ஜனவரி 25 அன்று, உலகிலேயே முதல்முறையாக ஒரு நகரத்தின் குடிநீரில் அளவாக ஃபுளோரைடு சேர்த்தார்கள். பக்கத்தில் உள்ள மஸ்கீகன் நகரம் ஒப்பிட்டுப் பார்க்க, ஃபுளோரைடு சேர்க்காமல் விடப்பட்டது. கிட்டத்தட்ட 30,000 பள்ளிப் பிள்ளைகளின் பற்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 11 வருடம் கழித்துப் பார்த்தால், ஃபுளோரைடு சேர்த்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்குச் சொத்தை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. இதற்குள் மஸ்கீகன்காரர்கள் பொறுமை இழந்து, எங்களுக்கும் கொடுங்கள் என்று 1951-லேயே சேர்த்துக்கொண்டார்கள்.

இன்றைய கண்ணால் பார்த்தால் அந்தக் காலச் சோதனைகளில் குறைகள் உண்டு. எந்தப் பிள்ளை எந்த ஊர் என்று பல்லைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருந்தது, ஒப்பீட்டு நகரமும் பாதியில் மாறிவிட்டது. இருந்தாலும் ஊசி இல்லை, மாத்திரை இல்லை, குழாயைத் திறந்தால் பல்லுக்குப் பாதுகாப்பு என்பது பெரிய மாற்றம்தான்.

டியூபுக்குள் நுழைந்தது

என் செமினார் இங்கிருந்துதான் ஆரம்பித்தது. இந்தியானா பல்கலைக்கழகத்தின் ஜோசப் முல்லரும் அவர் சகாக்களும் ஃபுளோரைடை டூத்பேஸ்டில் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி 1955-ல் அதைக் 'கிரெஸ்ட்' என்ற பெயரில் வெள்ளோட்டம் விட்டு, 1956-ல் அமெரிக்கா முழுக்க விற்றது. டாக்டரிடமிருந்து சொத்தையில்லாமல் திரும்பிவந்து சிரிக்கும் பிள்ளைகளை நார்மன் ராக்வெல் என்ற புகழ்பெற்ற ஓவியர் விளம்பரத்துக்கு வரைந்தார். 1960-ல் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் இந்தப் பேஸ்ட் சொத்தையைத் தடுக்கிறது என்று அங்கீகாரம் கொடுத்தது. அதன்பின் விற்பனை எகிறி, 1960-களில் கிரெஸ்ட் அங்கே முதலிடத்துக்கு வந்துவிட்டது. மற்ற கம்பெனிகளும் ஓடிவந்து சேர்த்தன. நம் ஊர் டியூபில் இருக்கும் அந்த வரி இப்படித்தான் வந்தது.

அறிவியலிலும் ஒரு மாற்றம் நடந்தது. ஃபுளோரைடை விழுங்கினால்தான் அது பல்லுக்குள் சேர்ந்து பலன் தரும் என்று 1945-ல் நினைத்தார்கள். பிந்தைய ஆராய்ச்சிகளில், அது முக்கியமாகப் பல்லின் மேற்பரப்பில்தான் வேலை செய்கிறது என்று தெரிந்தது. சர்க்கரையைத் தின்று வாயில் உள்ள கிருமிகள் அமிலம் சுரக்கின்றன. அமிலம் எனாமலில் உள்ள தாதுக்களைக் கரைக்கிறது. எச்சில் அந்தத் தாதுக்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. இந்த வரவு செலவு தினமும் பல தடவை நடக்கிறது. ஃபுளோரைடு கூட இருந்தால் வரவுப் பக்கம் பலமாகிறது, திரும்பச் சேரும் எனாமலும் அமிலத்தை இன்னும் நன்றாகத் தாங்குகிறது. செலவு வரவை மிஞ்சிக்கொண்டே போனால் சொத்தை. காமர்ஸ்காரனுக்கு இதைவிடச் சுலபமாகப் புரியாது.

செலவுப் பக்கத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு, அது கொஞ்சம் கசப்பானது. சுவீடனில் லுண்ட் நகருக்கு அருகில் விப்பேஹோம் என்று மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான ஒரு விடுதி. 1940-களின் பின்பாதியில் அங்கே இருந்தவர்களுக்கு, அவர்கள் சம்மதம் கேட்காமலே, விதவிதமாகச் சர்க்கரை கொடுத்துச் சோதித்தார்கள். சாப்பாட்டோடு சேர்ந்த சர்க்கரையால் அவ்வளவு கேடு இல்லை. நம் கமர்கட்டு மாதிரிப் பல்லில் ஒட்டுகிற டாஃபியைச் சாப்பாட்டுக்கு நடுவே அடிக்கடி தின்றவர்களின் பல்தான் மோசமாகக் கெட்டது. எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்பது முக்கியம் என்று 1954-ல் அறிக்கை வந்தது. அதற்குப் பிறகு சுவீடனில் குழந்தைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்ற பழக்கம் வேரூன்றியது. அந்தப் பழக்கத்துக்கு விலை கொடுத்தவர்கள் வேறு யாரோ என்பதை மறக்கக்கூடாது.

நெல்லூரும் தருமபுரியும்

இதுவரை எல்லாம் வெளிநாடு. கொலராடோ ஸ்பிரிங்ஸின் காவிப் பல் நம் ஊரிலும் இருக்கிறது. எங்கள் கல்லூரியிலேயே தருமபுரி பக்கத்து நண்பன் ஒருவன் இருக்கிறான். குரூப் போட்டோவில் வாய் திறந்து சிரிக்கவே மாட்டான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் "பல் விளக்கலையா?" என்று கேட்டுக் கேட்டே பழகிப்போய்விட்டதாம். அவன் தினமும் இரண்டு வேளை பல் விளக்குகிறவன். விடுதியில் எங்கள் யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.

இந்தியாவில் மனிதர்களிடம் இந்தப் பாதிப்பை முறையாகப் பதிவு செய்தது 1937-ல். எச்.இ.ஷார்ட்டும் அவருடைய சகாக்களும் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இதைக் கண்டு எழுதினார்கள். சர்ச்சிலின் கடிதத்துக்கு ஆறே வருடம் கழித்து. ஆனால் நெல்லூரில் அவர்கள் கண்டது பல் கறையோடு நிற்கவில்லை. பல வருடங்கள் அந்தத் தண்ணீரைக் குடித்த பெரியவர்களுக்கு எலும்பு தடித்து, மூட்டு இறுகி, முதுகு விறைத்துப் போயிருந்தது. கறை என்பது முதல் எச்சரிக்கை மட்டுமே.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் பாறைக்குள் இறங்கும் போர்வெல் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம். அதைத் தாண்டிய கிணறுகளின் தண்ணீரைத்தான் ஒரு தலைமுறை குடித்து வளர்ந்தது. உணவில் சுண்ணாம்புச் சத்து குறைவாக இருந்தால் பாதிப்பு இன்னும் கூடும். அதாவது ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இரட்டை அடி.

இங்கே செய்ய வேண்டியது ஃபுளோரைடைச் சேர்ப்பது இல்லை, எடுப்பது. நாக்பூரில் உள்ள நீரி ஆய்வு நிறுவனம் 1970-களில் படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு ஃபுளோரைடைப் படியவைக்கும் முறையைக் கொண்டுவந்தது. பாதிப்பு அதிகமாக இருந்த நல்கொண்டா மாவட்டத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். இன்னொரு வழி, ஓக்லி ஊர் செய்ததுதான், தண்ணீரையே மாற்றுவது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதுதான். அதன் முழுப்பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்பைத் தணிப்பது என்று இருக்கிறது. ஜப்பான் கடனுதவியோடு, 2008-ல் அடிக்கல் நாட்டி, கர்நாடகத்தின் எதிர்ப்பையும் தாண்டி 2013-ல் திறந்தார்கள். செலவு 1,900 கோடி ரூபாய்க்கு மேல்.

நெல்லூர் அறிக்கை 1937, ஒகேனக்கல் தண்ணீர் 2013. இடையில் 76 வருடம். ஓக்லியில் ஒரு சின்ன ஊர் கூடிப் பேசிக் குழாயை மாற்றியதை இதோடு வைத்துப் பார்த்தால் மனது கஷ்டப்படுகிறது. இரண்டும் ஒரே அளவு வேலை இல்லைதான். இருந்தாலும் அந்த 76 வருடத்தில் எத்தனை பிள்ளைகள் தங்கள் தவறு இல்லாத ஒரு கறைக்காக வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பார்கள்?

இன்றைய சண்டை

ஃபுளோரைடு கதை இன்னும் முடியவில்லை. அமெரிக்காவில் தண்ணீரில் சேர்க்கும் அளவை 2015-ல் 0.7 மில்லிகிராமாகக் குறைத்தார்கள். ஃபுளோரைடு பேஸ்ட் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்ட பிறகு, தண்ணீரில் சேர்ப்பதால் வரும் கூடுதல் பலன் முன்பு போலப் பெரிதாக இல்லை என்று 2024-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. 2025-ல் யூட்டா, ஃபுளோரிடா மாநிலங்கள் சேர்ப்பதையே தடை செய்தன. அதே 2025-ல் கனடாவின் கால்கரி நகரம் எதிர்த்திசையில் போனது. 2011-ல் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், தொடர்ந்து சேர்த்துவந்த எட்மண்டன் நகரப் பிள்ளைகளைவிடத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொத்தை அதிகமானது. அதனால் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

2024-ல் அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டம் ஒரு அறிக்கை கொடுத்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கும் இடங்களில் குழந்தைகளின் அறிவுத்திறன் அளவு குறைவதோடு தொடர்பு தெரிகிறது என்றும், 0.7 அளவில் அப்படிச் சொல்லப் போதுமான தகவல் இல்லை என்றும் சொன்னது. இதை வைத்து அங்கே பெரிய அரசியல் சண்டை. ஆனால் 1.5-க்கு மேல் என்பது யாருடைய தண்ணீர்? நம் கிணற்றுத் தண்ணீர். அந்த அறிக்கையைக் கவலையோடு படிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

சரி, வீட்டில் என்ன செய்வது?

இந்தச் சரித்திரத்திலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடியவை சில.

1. முன்பல்லின் எனாமல் பிறந்ததிலிருந்து முதல் சில வருடங்களில் உருவாகிறது. கறை படியும் ஆபத்து எட்டு வயது வரைதான். அதனால் சின்னப் பிள்ளைகள் என்ன தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம்.

2. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டுவதால் இன்னும் செறிவுதான் ஆகும். மழைத்தண்ணீரில் ஃபுளோரைடு அனேகமாகக் கிடையாது. ஆர்.ஓ. இயந்திரம் பெருமளவு எடுத்துவிடும்.

3. முதல் பல் முளைத்ததுமே தேய்க்க ஆரம்பிக்கலாம். ஆனால் மூன்று வயது வரை ஒரு அரிசி அளவு பேஸ்ட், மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு, அவ்வளவுதான். விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலை அலையாகப் பேஸ்டை நீட்டுவார்களே, அது டியூப் சீக்கிரம் தீர்வதற்கு :) ஒரு சின்னக் கணக்கு: 1,000 பிபிஎம் பேஸ்ட் என்றால் ஒரு கிராமில் 1 மில்லிகிராம் ஃபுளோரைடு. பிரஷ் முழுக்க நீட்டினால் ஏறக்குறைய ஒரு கிராம் வரும். துப்பத் தெரியாத குழந்தை அதை விழுங்கினால், 1 மில்லிகிராம் அளவுள்ள தண்ணீரை ஒரு லிட்டர் குடித்ததற்குச் சமம்.

4. தேய்த்ததும் நுரையைத் துப்பச் சொல்லுங்கள். வாய் நிறையத் தண்ணீர் விட்டுப் பத்து தடவை கொப்பளிக்க வேண்டாம். பல்லின் மேல் கொஞ்சம் தங்கினால்தான் வேலை செய்யும். ஏழெட்டு வயது வரை பெரியவர்கள் கூட நின்று தேய்த்துவிட வேண்டும்.

5. 'பால் பல்தானே, விழுந்துவிடும்' என்று சொத்தையை விட்டுவிடாதீர்கள். சீழ் பிடித்தால் பிள்ளைக்கு வலி, தூக்கம் போகும், சாப்பாடு இறங்காது, கீழே வளரும் நிரந்தரப் பல்லும் பாதிக்கப்படலாம். இன்னொன்று, ஆறு வயதில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் புதிதாக முளைக்கும் கடைவாய்ப் பல் நிரந்தரப் பல். எந்தப் பல்லும் விழாமலே வருவதால் பலரும் அதைப் பால் பல் என்று விட்டுவிடுகிறார்கள்.

6. மிட்டாய் கொடுப்பதென்றால் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கவிடாதீர்கள்.

இந்தப் பட்டியலில் ஒரு விஷயம் கவனித்தீர்களா? ஒன்றுகூடக் குழந்தை தானாகச் செய்யக்கூடியது இல்லை. எந்தக் கிணற்றுத் தண்ணீர், எவ்வளவு பேஸ்ட், எப்போது மிட்டாய், எல்லாமே பெரியவர்களும் பஞ்சாயத்தும் அரசாங்கமும் கம்பெனியும் எடுக்கிற முடிவுகள். எட்டு வயதுக்குள் எடுக்கப்படும் அந்த முடிவுகளை, அந்தப் பிள்ளை எண்பது வயது வரை வாயில் வைத்துக்கொண்டிருக்கும்.

அதனால் காவிப் பல்லோடு ஒரு பிள்ளையைப் பார்த்தால் பல் விளக்கினாயா என்று கேட்காதீர்கள். எந்த ஊர், என்ன தண்ணீர் குடிக்கிறாய் என்று கேளுங்கள். மெக்கே அதைத்தான் கேட்டார். பெரியவர்களாகிவிட்ட நண்பர்களுக்கு இன்னொரு தகவல்: இந்தக் கறையை வெளியே தெரியாமல் சரிசெய்யப் பல் மருத்துவர்களிடம் வழிகள் இருக்கின்றன. அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் போய் விசாரித்துப் பாருங்கள். என் நண்பனிடமும் சொல்லியிருக்கிறேன், செமஸ்டர் முடிந்ததும் போகலாம் என்கிறான்.

உங்கள் ஊர்த் தண்ணீரைச் சோதித்துப் பார்த்திருந்தால் எனக்கும் சொல்லுங்கள். அடுத்து, தேர்வு முடிந்ததும், வேறு ஒரு விஷயத்தோடு வருகிறேன்.